பழுது எங்கே என்று சிவசாமி சொன்னார்

சிவசாமியைப் பற்றிச் சொல்ல நல்ல வார்த்தை நாலு இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு சொல்ல மனசு வராது. குடிக்க மாட்டார். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் இருக்கிற ஏழாங்கட்டைத் தேயிலைத் தோட்டத்து டிராக்டரை இருபத்தாறு வருசமாக ஓட்டுகிறார், ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை. பிள்ளைவலி என்று யார் வந்து கூப்பிட்டாலும் சாப்பிட்ட கையோடு எழுந்து போய் வண்டியை எடுப்பார். அந்த ரோட்டு வளைவுகளில் வயிற்றுப்பிள்ளைக்காரிகளைக் குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க அவரைவிட்டால் ஆளில்லை. பெண்டாட்டி பேச்சியம்மாவைக் கை நீட்டி அடித்ததில்லை. நாலு முடிந்துவிட்டது.

அவருடைய அப்பா கான் வெட்டியவர். மழைத்தண்ணீர் ஓட தேயிலைக்கு நடுவே கால்வாய் வெட்டி வெட்டி, கடைசி வரைக்கும் முதுகு நிமிராமலே போய்ச் சேர்ந்தார். சிவசாமியும் பதினேழு வயசில் அதே மண்வெட்டியைத்தான் தூக்கினார். பழைய டிரைவருக்கு வண்டி கழுவிக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, திட்டு வாங்கி, பத்து வருசம் காத்துக்கிடந்து பிடித்த சீட் அது. காலையில் பெரட்டுக்களத்தில் முந்நூறு பேர் வரிசையில் நின்று பேர் கொடுக்கும்போது, சிவசாமி மட்டும் களத்தோரமாக வண்டியை நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்தபடியே பேர் கொடுப்பார். தோட்டத்தை நிர்வகித்த எந்தத் துரை காலத்தில் யார் அனுமதித்தார்களோ தெரியாது. தோட்டத்தில் உட்கார்ந்து பேர் கொடுக்கிற ஒரே ஆள் அவர்தான். அந்தத் துருப்பிடித்த இரும்புச் சீட் போனால் தானும் போய்விடுவோம் என்று மனசார நம்பினார்.

டிராக்டர் அவரைவிட மூத்தது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்தது. கீழ்ப்பிரிவு மடுவத்தில் தராசில் எடை போட்ட கொழுந்தை மேலே தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு ஏற்றுவது அதன் வேலை.

இந்த நிம்மதியில் மண் விழுந்தது விஜிதரன் வந்த பிறகுதான். விஜிதரன் பேச்சியம்மாவின் தம்பி. தாய் செத்தபோது அவனுக்கு நாலு வயசு. பேச்சியம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். வளர்ந்து கொழும்புக்குப் போய் ஒரு கராஜில் வாகனங்களுக்கு வயர் வேலை பழகினான். நாடே டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருசம் கராஜ் மூடிக்கொண்டது. பெண்டாட்டி லோஜினியையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு ஊர் வந்தான். லயத்து வரிசையில் அக்கா வீட்டுக்கு அடுத்த ஒற்றை அறைக் காம்பரா காலியாக இருந்தது. ஸ்டோரில் விறகு தள்ளும் வேலை கிடைத்தது. கிடைத்ததோடு சும்மா இருந்திருக்கலாம். ஸ்டோரில் நின்றுபோன மோட்டாரைப் பார்த்துக் கொடுத்தான், துரை பங்களா தண்ணீர்ப் பம்பைப் பார்த்துக் கொடுத்தான். கை வைத்ததெல்லாம் ஓடியது.

முதலில் சிவசாமிக்குப் பெருமைதான். "நம்ம மச்சினன்" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார். ஆனால் ஒருநாள் பெரட்டில் துரை, விஜிதரனைக் கை காட்டி, "சிவசாமி, உனக்கு அப்புறம் இவன்தான் வண்டிக்கு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். துரை அதை அப்போதே மறந்திருப்பார். சிவசாமிக்கு அது மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. அன்றிலிருந்து மச்சினன் வாங்கி வந்த பணிஸ் ரொட்டியைக்கூட அவர் தொடவில்லை.

செப்டம்பரில் டிராக்டர் சார்ஜ் ஏறாமல் படுத்தியது. விஜிதரன் டைனமோவைக் கழற்றினான். உள்ளே சுற்றுகிற உருளையோடு உரசிக்கொண்டே இருக்கிற இரண்டு காபன் கட்டைகளும் தேய்ந்து நகமாகியிருந்தன. ஹட்டனுக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்து மாட்டினான். மழை தூறிக்கொண்டிருந்ததால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, அவசர அவசரமாகத்தான் மாட்டினான். ஆனால் எஞ்சினை ஓடவிட்டதும் மீட்டர் முள் சார்ஜ் பக்கம் துள்ளி நின்றது. பக்கத்தில் இருந்த கட்அவுட் பெட்டியைத் தட்டிக் காட்டி, "டைனமோ வெறும் கைகாலுதான் மச்சான். அது செய்யிற கரண்டைப் பெட்டரிக்கு விடுறதும் தடுக்கிறதும் இந்தப் பெட்டிதான். வண்டிக்கு மூளை இங்கதான் இருக்கு" என்றான். சிவசாமி பெரிய மனுசனாகத் தலையாட்டினார்.

மூன்று வாரம் முள் சார்ஜ் பக்கத்தை விட்டு அசையவில்லை. நடுவில் ஆயுத பூசை வந்தது. தோட்டத்து வழக்கப்படி ஸ்டோரில் மெஷின்களுக்கும் வெளியே வண்டிகளுக்கும் பூசை. டிராக்டரைச் சிவசாமியே கழுவுவார், சிவசாமியே வாழைக்கன்று கட்டுவார். சந்தனமும் குங்குமமும் வைக்க வேறு ஒரு கையை விடமாட்டார். அன்றும் விடியற்காலையில் குளித்து, ஈர வேட்டியோடு, விளக்கிலிருந்து விசிறி வரைக்கும் கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்தார். பூசணிக்காய் உடைத்து, வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, எல்லாம் முறையாக நடந்தது.

பூசை முடிந்து மூன்றாம் நாள் முள் கீழே விழுந்து கிடப்பதைச் சிவசாமி பார்த்தார். பார்த்தார், யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டால் மறந்துவிட்டதாகத்தான் சொல்லுவார். உண்மை என்னவென்றால், அந்த முள்ளைப் பார்த்ததும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. கொழும்பு மெக்கானிக் பாஸ் பார்த்த வேலையின் லட்சணம் இதுதான், தானாக வெளியே வரட்டும் என்று இருந்துவிட்டார். ஒரு வாரம் வண்டியை இறக்கத்தில் நிறுத்தி, உருட்டிவிட்டே ஸ்டார்ட் செய்தார்.

அது தானாக வெளியே வந்தது. மேலே கொழுந்து ஏற்றிக்கொண்டு வரும்போது, ஸ்கூல் வளைவைத் தாண்டிய சமதரையில், பட்டப்பகலில் கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. லைட் போட்டார், எரியவில்லை. ஹோர்ன் அடித்தார், முனகியது. எதிரே ஏதோ வருவதுபோலத் தெரிந்து பிரேக்கை அமுக்க, எஞ்சின் நின்றுவிட்டது. உருட்ட இறக்கமில்லை, பெட்டரியில் உயிரில்லை. கொழுந்து ஐந்து மணிநேரம் மூட்டைக்குள் கிடந்து வெந்து, ஸ்டோருக்குப் போய்ச் சேரும்போது சிவந்துவிட்டது. அத்தனை பெண்களின் ஒருநாள் பாடு குப்பைக் குழிக்குப் போனது.

துரை ஸ்டோர் வாசலிலேயே நின்றார். "யார் கடைசியா கை வைச்சது?"

"விஜிதரன்தான் சார்" என்றார் சிவசாமி. "அவன்தான் காபன் மாத்துனான். அதுக்கப்புறந்தான் இப்புடி."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நடுவில் மூன்று வாரம் வண்டி நன்றாக ஓடியதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

மறுநாள் பெரட்டில் முந்நூறு பேருக்கு முன்னால் விஜிதரனின் வேலையை நிப்பாட்டினார்கள். அவன் முன்னால் வந்து, "சார், டைனமோவைச் சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க சார். என் வேலையில பிழை இருந்தா நானே போயிடுறேன்" என்றான். துரைக்கு அது நியாயமாகப் பட்டது. "சரி. சிவசாமி பார்ப்பான். காபன்தான் பழுதுன்னா நீ போகணும், காம்பராவையும் விடணும். வேற எதாவதுன்னா நாளைக்கே வேலைக்கு வா. அது வரைக்கும் நீ வண்டிப் பக்கம் வரக்கூடாது." சீட்டில் உட்கார்ந்திருந்த சிவசாமிக்குத் திடுக்கென்றது. குற்றம் சொன்னவனையே நீதிபதியாக்குவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

தோட்டத்து வாய்க்குக் கேட்கவா வேண்டும்? குப்பைக்குப் போனது அந்தப் பெண்கள் பறித்த கொழுந்து. அந்த எரிச்சலையெல்லாம் லோஜினியின் தலையில் கொட்டினார்கள். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவளை, "ஒங்க வூட்டுக்காரரு ஏத்துன சார்ஜுல எங்க வூட்டு பல்பு எரியுமாடி?" என்று ஒருத்தி கேட்க, வரிசையே சிரித்தது. லோஜினிக்கு அப்போது ஐந்து மாதம். குடத்தைப் பாதி நிறைத்தபடியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்த காம்பராவில் அவள் அழுதது பலகைச் சுவரைத் தாண்டிக் கேட்டது. சிவசாமி ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

சாயங்காலம் விஜிதரன் வந்தான். உட்காரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"மச்சான், பெல்ட்டைப் பாருங்க முதல்ல. அது சரின்னா, டைனமோவுல இருந்து ரெண்டு வயரையும் கழட்டிட்டு டைனமோவோட ரெண்டு முனையையும் ஒரு கம்பியால சேத்துக் கட்டுங்க. ஒரு லைட் பல்பை எடுத்து, அதோட ஒரு வயரை அந்தக் கம்பியிலயும் இன்னொரு வயரை வண்டி இரும்புலயும் வையுங்க. எஞ்சினை மெதுவா ஓட விடுங்க. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா டைனமோ சுத்தம், என் காபன் சரி. மினுக் மினுக்குன்னா என் மேல பிழை."

"தெரியும், தெரியும்" என்றார் சிவசாமி. தெரியாது.

அடுத்த நாள் பகல், ஷெட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து தோட்டத்து லாரியின் பெட்டரியை இரவலாக எடுத்து மாட்டினார். பெல்ட் இறுக்கமாக இருந்தது. மச்சினன் சொன்னபடியே இரண்டு வயரையும் கழற்றினார், கம்பியால் சேர்த்தார், பழைய ஹெட்லைட் பல்பைப் பிடித்தார், எஞ்சினை ஓடவிட்டார்.

பல்பு கண்ணைக் கூசும்படி எரிந்தது.

சிவசாமி வயரை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடியும் எரிந்தது. எஞ்சின் சத்தத்தை ஏற்ற ஏற்ற வெளிச்சமும் ஏறியது. காபனில் பழுதில்லை. விஜிதரன் மழையில் நனைந்துகொண்டு மாட்டிய கட்டைகள் இரண்டும் உட்கார வேண்டிய இடத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தன.

அப்படியானால் டைனமோவில் பிறந்த கரண்ட் பெட்டரிக்குப் போகிற வழியில் எங்கோ நிற்கிறது. வழியில் இருப்பது ஒரே ஒரு பெட்டி. அதன் மூடிக்குக் கிளிப் உடைந்து வருசக்கணக்காகிறது. ஒரு கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். அவிழ்த்து மூடியைத் தூக்கினார். உள்ளே குட்டித் தகடுகள் இரண்டு ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. சார்ஜ் ஏறும்போது மேல் தகடு இறங்கிக் கீழ்த் தகட்டைத் தொட வேண்டும். தொட வேண்டிய அந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது, வாசனை வந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு சொட்டு.

சந்தனமும் குங்குமமும்!

எல்லாம் நினைவுக்கு வந்தது. பூசையன்று ஈர வேட்டியோடு பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், இந்தப் பெட்டியருகே நின்றார். மச்சினன் சொன்ன மூளை ஞாபகம் வந்தது. கைகாலுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு மூளையை விடுவதா என்று மூடியைத் திறந்து, மோதிர விரலால் நிறையச் சந்தனம் தொட்டு, பக்தியோடு வைத்தார். அது வழிந்து தகடுகளுக்கு நடுவே இறங்கி, எஞ்சின் சூட்டில் காய்ந்து ஓடாகிவிட்டது. இந்த வண்டிக்குப் பொட்டு வைக்கும் கை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது இப்போது அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தது.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஊறவைத்தார். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். மண்தாளை நாலாக மடித்துத் தகடுகளுக்கு நடுவே விட்டு, பளபளவென்று வரும்வரை இழுத்தார். வயர்களை மாட்டி எஞ்சினை ஓடவிட்டதும், பெட்டிக்குள் டிக்கென்று சின்னச் சத்தம் கேட்டது. முள் எழும்பிச் சார்ஜ் பக்கம் போய் நின்றது. இதையும் சொல்லத்தான் வேண்டும்: அந்த நிமிசம் அவருக்கு உண்மையிலேயே ஆனந்தம். இத்தனை வருசத்தில் ஒரு பழுதை குறி வைத்து அடித்தாற்போலத் தானே கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல முடியாது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

எஞ்சின் சத்தம் கேட்டுத் துரையே மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன கோளாறு?"

சிவசாமி சந்தனத் துணியைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தார். பூசையில் நான்தான் சார் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். துரை திட்டுவார், கொஞ்சம் சிரிப்பார். இவரை வீட்டுக்கு அனுப்பமாட்டார். இருபத்தாறு வருசத்து ஆளைச் சந்தனத்துக்காக யார் அனுப்புவார்கள்? ஆனால் நாளைக்குப் பெரட்டில் முந்நூறு பேர் சிரிப்பார்கள். மூளைக்குப் பொட்டு வைத்த சிவசாமி என்று பேர் நிலைத்துவிடும். வண்டியை இனி விஜிதரன் பார்க்கட்டும் என்று துரை சொல்லக்கூடும். பார்ப்பவன் ஓட்டுவான். ஓட்டுகிறவன் உட்காருவான்.

"காபன்தான் சார்" என்றார். "ஒரு பக்கம் சரியா உக்காரல. நான் எடுத்துச் சரி பண்ணிட்டேன்."

"நீயேவா?" துரையின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே சிவசாமி! அப்ப அவன் பெரிசா பேசினதெல்லாம் சும்மாதானே." தோளில் தட்டிவிட்டுப் போனார். எந்தத் துரையும் அவர் தோளைத் தொட்டதில்லை.

வீட்டு வாசலில் விஜிதரன் காத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பேச்சியம்மா.

"பல்பு எரிஞ்சுச்சா மச்சான்?"

"எரியல மாப்ள. மினுக் மினுக்குன்னுச்சு."

"எந்தப் பக்கத்துக் காபன்?"

சிவசாமி இதற்குத் தயாராக இல்லை. "உள்பக்கம்" என்றார்.

விஜிதரன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கைகள் இரண்டும் வெறும் காற்றில் டைனமோவைப் பிடித்து, கட்டையை உள்ளே விட்டு, சுருள்கம்பியை அதன் முதுகில் ஏற்றி வைப்பதுபோல மெல்ல அசைந்தன. ஒருதரம் செய்து பார்த்தான், இன்னொருதரம் செய்து பார்த்தான். மெஷின் பொய் சொல்லாது என்று பழகியவன். மச்சான் பொய் சொல்வார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் கையைத் தொங்கப் போட்டான்.

"மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. உள்பக்கத்துக் கம்பியை நான் கண்ணால பாக்கல, கையால தடவித்தான் வச்சேன்" என்றான். "இருக்கும் மச்சான். என் பிழையாத்தான் இருக்கும்."

பேச்சியம்மா பொறுக்கவில்லை. வளர்த்த கையாலேயே அவன் முதுகில் இரண்டு வைத்தாள். லயமே எட்டிப் பார்க்கும்படி கத்தினாள். "தெரியாத வேலைக்கு ஏன்டா கை வச்ச? ஒங்க மச்சான் கட்டிக் காத்த வண்டிய நடுரோட்டுல நிக்க வச்சிட்டியேடா பாவி! அவரு மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்?"

"வுடு பேச்சி. சின்னப்பய, தெரியாம செஞ்சிட்டான்" என்றார் சிவசாமி. மனுசன் எவ்வளவு நல்லவர் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காம்பராவைக் காலி செய்தார்கள். சாமான்களைப் பெரிய ரோட்டு வரைக்கும் டிராக்டரில் கொண்டுபோகத் துரை பெரிய மனசு பண்ணி அனுமதித்தார். தகரப் பெட்டி, பாய், லோஜினியின் குடம், அவ்வளவுதான். லோஜினி சாமான்களோடு டிரெயிலரில் உட்கார்ந்தாள், வழி முழுக்க முகத்தைத் திருப்பவில்லை. விஜிதரன் முன்னால் மட்கார்டில் தொற்றிக்கொண்டான். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. அவனுக்குக் கண் தானாக முள்ளுக்குப் போனது.

"நல்லா ஏறுது மச்சான்" என்றான். அந்த நிலையிலும் அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "நல்ல வேலை பண்ணியிருக்கீங்க."

சிவசாமி வளைவில் கவனமாக இருப்பதுபோல ரோட்டையே பார்த்தார்.

பெரிய ரோட்டில் ஹட்டன் பஸ்ஸுக்கு நின்றார்கள். லோஜினி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கீழே வளைவில் பஸ் முக்குகிற சத்தம் கேட்டது. அது ஏறி வர ஐந்து நிமிசம் ஆகும். உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரம் தேவையில்லை. சிவசாமிக்கு அது நன்றாகத் தெரியும். ஐந்து நிமிசமும் அவர் டயரைச் சுற்றி வந்து காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜிதரன் வந்து குனிந்து அவர் காலைத் தொட்டான்.

"மன்னிச்சிருங்க மச்சான். அக்கா கிட்டயும் சொல்லிருங்க. உங்க உசிரோட வெளையாடிட்டேன், அந்தப் பனிக்குள்ள ஏதாவது மோதியிருந்தா..." தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "இனிமே இந்த வேலையே வேணாம் மச்சான். கொழும்புப் புறக்கோட்டையில மூட்டை தூக்கப் போறேன். என் கையை நானே நம்ப முடியல. இன்னொருத்தன் வண்டியில கை வச்சு, அவனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

சிவசாமி அவனைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். தன் குரல் அவ்வளவு நிதானமாக வரும் என்று அவருக்கே தெரியாது.

"நான் அப்பவே மன்னிச்சிட்டேன் மாப்ள. நீ சொல்றதும் சரிதான், உனக்கு அந்தத் தொழில் வேணாம்" என்றார். பஸ் வந்து நின்றதும் தகரப் பெட்டியைத் தானே தூக்கி உள்ளே ஏற்றிவிட்டார்.